அரை லிட்டர் பிரேக் ஆயில்

பால்ச்சாமி மேஸ்திரியைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை நான் பார்த்ததில்லை. இடி இடித்தால் காதைப் பொத்திக்கொள்வார். ராஜபாளையத்தில் பிறந்து வளர்ந்துவிட்டு நாய்க்குப் பயப்படுகிற ஒரே ஆள் அவராகத்தான் இருக்கும். தெருவில் ஒரு குட்டி படுத்திருந்தாலும் அடுத்த தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு வருவார். சைக்கிளில் பின்னால் உட்காரச் சொன்னால் நடந்தே வாரேன் என்பார். அப்படிப்பட்ட மனுசன் செய்த வேலை லாரி பிரேக் வேலை.

நான் அசன் முகம்மது. தென்காசி ரோட்டில் லாரிச் சாமான் கடை வைத்திருக்கிறேன். என் கடைக்கும் அவருடைய பட்டறைக்கும் நடுவில் ஒரு டீக்கடைதான் உண்டு. பட்டறை என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். நாலு கம்பு, மேலே தகரம், கீழே எண்ணெய் குடித்துக் கறுத்துப்போன மண். அவரிடம் கையாள் யாரும் தங்க மாட்டார்கள். ஒரு போல்ட்டை முறுக்கிவிட்டு நாலடி நடப்பார், திரும்பி வந்து தொட்டுப் பார்ப்பார். மறுபடியும் நடப்பார், மறுபடியும் வருவார். கூட நிற்கிறவனுக்குப் பைத்தியம் பிடித்துவிடும். டிரைவர்கள் அவருக்கு 'நடுக்கம் மேஸ்திரி' என்று பெயர் வைத்திருந்தார்கள். கேலியெல்லாம் சமதளத்தில் ஓட்டுகிறவரைக்கும்தான். மலைக்குப் போகிற வண்டி என்றால் வாயைப் பொத்திக்கொண்டு அவரிடம்தான் வருவார்கள்.

அவர் பயத்துக்குக் காரணம் இருந்தது. சின்ன வயதில் ஒரு லாரியில் கிளீனராகப் போனவர். மலையில் ஒரு கொண்டை ஊசி வளைவில் வண்டி ஒரே மூச்சில் திரும்பாது. பாதி திருப்பி நிறுத்தி, கொஞ்சம் பின்னால் எடுத்துத்தான் மறுபடி ஏற வேண்டும். அந்த நேரத்தில் பிரேக் கைவிட்டது. இவர் பின் சக்கரத்துக்கு வைத்த கட்டையை வண்டி ஏறி மிதித்துக்கொண்டு பின்னாலேயே போய்விட்டது. இவர் ரோட்டில் நின்றார். டிரைவர் வண்டியோடு போனார். இதை அவர் என்னிடம் சொன்னது ஒரே ஒரு தடவை. சொல்லும்போது கையிலிருந்த ஸ்பேனர் தடதடவென்று ஆடியதைப் பார்த்துவிட்டு நான் அதற்குப் பிறகு கேட்கவே இல்லை.

எண்பத்தெட்டாம் வருடம் மாசி மாதம் ஞானதுரை வந்தார். வால்பாறையில் எஸ்டேட்டுகளுக்குக் காய்கறி ஏற்றிப் போகிற ஆள். பதினாலு வருடம் அடுத்தவன் வண்டியை ஓட்டிவிட்டு, முதன்முதலாகச் சொந்தமாக ஒரு லாரி வாங்கியிருந்தார். எங்கள் ஊர் வைகுண்டராஜ் ஓட்டிக் கழித்த பழைய லாரி. பத்து வருடம் பஞ்சு மூட்டை சுமந்த வண்டி. என்ஜின் நன்றாக இருந்தது, மற்றதெல்லாம் தேய்ந்துபோயிருந்தது. ஞானதுரைக்கு அது தேராகத் தெரிந்தது. புதுச் சட்டை போட்டுக்கொண்டு அதைச் சுற்றிச் சுற்றி வந்தார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும்.

அவருடைய மனைவி கிருபாபாய்க்குப் பிறந்த வீடு ஸ்ரீவில்லிபுத்தூர். மூன்றாவது பிரசவத்துக்கு வந்தவள், பிள்ளைக்கு மூன்று மாதமாகிவிட்டது. சரி, வண்டி எப்படியும் ஊருக்குப் போகிறது, பெண்டாட்டி பிள்ளைகளையும் அதிலேயே ஏற்றிக்கொண்டு போய்விடலாம் என்பது ஞானதுரையின் கணக்கு. மதுரை, பழனி, பொள்ளாச்சி வரைக்கும் சமதளம். அதற்கு மேல் ஆழியாறிலிருந்து நாற்பது வளைவு.

நாற்பது என்று கேட்டதும் பால்ச்சாமி மேஸ்திரி கையிலிருந்த டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"பிள்ளைகள பஸ்ல அனுப்பிச்சு விடுங்க. வண்டிய நீங்க மட்டும் கொண்டு போங்க" என்றார்.

"என்ன மேஸ்திரி, பதினாலு வருசமா ஏறி எறங்குத மலை. கண்ணக் கட்டிவிட்டாலும் ஓட்டுவேன்."

"நீங்க ஓட்டுவிய. வண்டி நிக்கணும்லா."

நாலு நாள் அந்த வண்டியைத் தயார் பண்ணினார். அந்த நாலு நாளும் பயம் ஒரு ஆளாக வந்து பட்டறையில் உட்கார்ந்திருந்தது என்றே சொல்ல வேண்டும். முதல் நாள் ரேடியேட்டரைக் கழற்றி, ஓட்டை அடைத்து, தண்ணீர் ஊற்றி மூன்று மணி நேரம் என்ஜினை ஓடவிட்டுப் பக்கத்திலேயே குந்தியிருந்தார். இரண்டாம் நாள் பின்பக்கத்து ஸ்பிரிங் பட்டைகளை இறக்கினால், நடுப்பட்டையில் மயிரிழை போல ஒரு கீறல். எனக்குக் கண்ணாடி போட்டுப் பார்த்தும் தெரியவில்லை. அவர் விரலால் தடவியே கண்டுபிடித்தார். ஸ்டியரிங், ஹேண்ட் பிரேக், சக்கரத்து நட்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். பார்த்ததையே மறுபடியும் பார்த்தார். முதல் நாள் கேலி பேசிய ஞானதுரைக்கு மூன்றாம் நாள் முகம் வெளிறிவிட்டது. பயம் தொற்றிக்கொள்ளும் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

அன்றைக்குத்தான் கிருபாபாய் வந்தாள். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ் ஏறி, கைப்பிள்ளையோடு பட்டறை வாசலில் வந்து நின்றாள். வண்டியைப் பார்க்கவில்லை, புருசனைப் பார்க்கவில்லை. நேரே மேஸ்திரியிடம் கேட்டாள்.

"மேஸ்திரி, அவிய எதுன்னாலும் சரியாப்போகும்னுதான் சொல்லுவாவ. நீங்க சொல்லுங்க. பிள்ளைகள ஏத்தலாமா?"

மேஸ்திரி கையைத் துணியில் துடைத்துக்கொண்டார்.

"நான் முடிஞ்சுதுன்னு சொல்லுத வரைக்கும் ஏத்தாத தாயி. முடிஞ்சுதுன்னு சொல்லிட்டா, ஏத்து."

அவள் தலையை ஆட்டிவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிப் போனாள்.

நாலாம் நாள் பிரேக். எல்லாச் சக்கரத்தையும் கழற்றி, உள்ளே இருக்கும் ரப்பர்களையெல்லாம் எடுத்துப் போட்டுவிட்டுப் புதிதாக மாட்டினார். அந்த ரப்பர்கள் இரண்டு ரூபாய்க் காசு அகலம்கூட இருக்காது. பெடலை மிதித்தால் குழாய் வழியாக எண்ணெய் போய் அந்த ரப்பரைத் தள்ளும், ரப்பர் தள்ளினால்தான் சக்கரம் நிற்கும். எட்டு டன் இரும்பு அந்த ரப்பரை நம்பித்தான் மலையில் ஏறுகிறது.

சாயந்தரம் ஆறு மணியிருக்கும். ஞானதுரை விடியற்காலையில் வந்து வண்டியை எடுத்துக்கொள்வதாகச் சொல்லி ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய்விட்டார். மேஸ்திரி என் கடை வாசலுக்கு வந்து நின்றார்.

"பாய், எண்ணெய் ஊத்தி ஏர் எடுக்கணும், கொழாய்ல காத்து நிக்கக் கூடாது. கீழ நான் படுத்துக்கிடுதேன். மேல உக்காந்து செத்த நேரம் பெடல மிதிச்சுக் குடுக்கியளா? வேற யாரு இருக்கா எனக்கு?"

எனக்கு மஃரிபு தொழுகைக்குப் பள்ளிவாசல் போகிற அவசரம். ஆனாலும் மனுசன் கேட்கிறாரே என்று கிளம்பினேன். ஷட்டருக்குப் பக்கத்து அலமாரியிலிருந்து பிரேக் ஆயில் பாட்டிலை எடுத்துக்கொண்டேன்.

இந்த இடத்தில் என் கஞ்சத்தனத்தைச் சொல்லியாக வேண்டும். பிரேக் ஆயில் சீல் வைத்த டின்னில்தான் வரும். டின்னை உடைத்துக் கொஞ்சமாகக் கேட்கிறவர்களுக்கு விற்றுவிட்டு, மிச்சத்தையெல்லாம் ஒரு பழைய சர்பத் பாட்டிலில் சேர்த்து வைப்பேன். அதே மாதிரி இன்னொரு சர்பத் பாட்டிலில் ஸ்பிண்டில் ஆயில் இருக்கும். எங்கள் ஊர் நூல் மில் ஊர். மில்லில் கதிர் ஓடுவதற்கு விடுகிற அந்த எண்ணெய் இல்லாத வீடு அப்போது கிடையாது. தையல் மிஷினுக்கு அதுதான், கதவுக் கீலுக்கு அதுதான், குழந்தைகளின் மூன்று சக்கர வண்டிக்கும் அதுதான். நான் ஷட்டருக்கு விடுவதற்காக வைத்திருந்தேன். தண்ணீர் மாதிரி லேசாக, வெளுத்த மஞ்சளாக இருக்கும். பிரேக் ஆயிலும் பார்வைக்கு அப்படித்தான்.

மேஸ்திரி கீழே படுத்தார். நான் சீட்டில் உட்கார்ந்தேன். எண்ணெயும் நானே ஊற்றினேன், பெடலையும் நானே மிதித்தேன். அவர் கீழிருந்து "மிதிங்க பாய், விடுங்க, ஊத்துங்க, மிதிங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நடுவில் அவருடைய மகள் எட்டாம் வகுப்பில் முதல் மார்க் வாங்கினதைப் பற்றிப் பேசினார். நான் பாங்கு சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு உம் கொட்டினேன். பெடல் கடைசியில் கெட்டியாகக் காலில் நின்றது. வண்டியை எடுத்து டீக்கடை வரைக்கும் ஓட்டிப் பிரேக் அடித்துப் பார்த்தார். கட்டிப்போட்டது மாதிரி நின்றது. ஆறு தடவை அடித்துப் பார்த்தார். ஆறு தடவையும் நின்றது.

நான் கடைக்கு வந்து, அலமாரியில் மிச்சமிருந்த பாட்டிலிலிருந்து ஷட்டர் தண்டவாளத்தில் இரண்டு பக்கமும் எண்ணெய் விட்டு, இழுத்துப் பூட்டிவிட்டுத் தொழுகைக்கு ஓடினேன்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குக் கடை திறக்க வந்தேன். ஷட்டரைத் தூக்கக் கை வைத்தால் கையெல்லாம் பச்சை. தண்டவாளத்தின் ஓரமாகப் பெயிண்ட் தோல் உரிந்து, சுருண்டு, விரல் பட்ட இடத்தில் குழம்பாக வந்தது. இரண்டு பக்கமும் அப்படித்தான்.

பெயிண்டைத் தின்னுகிற எண்ணெய் எது என்று இருபது வருடம் கடையில் உட்கார்ந்தவனுக்குத் தெரியாதா? ஷட்டரில் விட்டது பிரேக் ஆயில். அப்படியானால் வண்டியில் ஊற்றியது மில் எண்ணெய்.

மில் எண்ணெய் அந்த ரப்பருக்கு விசம். முதலில் ஒன்றும் தெரியாது, பெடல் நன்றாகவே நிற்கும். ரப்பர் உள்ளுக்குள் ஊறி ஊறிப் பெருத்துக்கொண்டே போகும். பிறகு ஒரு சக்கரம் பிடித்தால் விடாது, இன்னொரு சக்கரம் பிடிக்கவே பிடிக்காது. மதியத்துக்கு மேல் வண்டி பொள்ளாச்சி தாண்டும். சாயந்தரம் மலை. ஐந்து உயிர். அதில் ஒன்றுக்கு மூன்று மாதம்.

நான் அப்போது என்ன செய்தேன் தெரியுமா? உடனே ஓடவில்லை. டீக்கடைக்குப் போய் ஒரு டீ சொல்லிக் குடித்தேன். ஒன்றும் ஆகாது, கொஞ்சம்தானே, பழைய எண்ணெயும் குழாயில் இருந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். குழாய்களையெல்லாம் காலி பண்ணித் துடைத்தது மேஸ்திரி. பக்கத்தில் நின்று பார்த்தது நான். அந்த டீ முடிகிறவரைக்கும் நான் யாரிடமும் சொல்லவில்லை. பத்து நிமிடம் இருக்கும். இன்றைக்கும் அந்தப் பத்து நிமிடத்தை நினைத்தால் எனக்கு என்மேலேயே அருவருப்பு வருகிறது.

மேஸ்திரி பட்டறையில் ஒரு ஜாக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, பாட்டில் மாறிப்போச்சு" என்றேன்.

"எந்தப் பாட்டில்?"

பச்சையாயிருந்த கையை நீட்டினேன். அவர் பார்த்தார். மோந்து பார்த்தார். அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். "பிள்ளைக ஏறியிருக்கும்" என்றார். "நான் முடிஞ்சுதுன்னு சொல்லிட்டேன் பாய். காலைல அவரு வந்து கேட்டாரு, முடிஞ்சுதுன்னு சொல்லிட்டேன்."

பிறகு எழுந்து இரண்டு ஸ்பேனரை இடுப்பில் சொருகிக்கொண்டு, என் ராஜ்தூத் மோட்டார் சைக்கிளைக் காட்டினார். சைக்கிளில் பின்னால் உட்காரப் பயப்படுகிறவர், நான் உதைக்கிறதற்கு முன்னாலேயே ஏறி உட்கார்ந்து என் சட்டையைப் பிடித்துக்கொண்டார்.

"வேகமாப் போங்க."

போனேன். மேஸ்திரியின் உடம்பு நடுங்குவது என் முதுகில் தெரிந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம் கண்ணில் பட்டதும் எனக்கு அழுகையே வந்துவிட்டது, ஏதோ ஊர் வந்துவிட்டால் வண்டியும் அங்கே நிற்கும் என்பது போல. கிருபாபாயின் வீட்டுத் தெருவில் லாரி இல்லை. டயர் தடம்தான் இருந்தது.

அவளுடைய அம்மா பரிபூரணம் வாசலில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மகள் புறப்பட்டுப் போன துக்கம்.

"இப்பத்தாம்பா போனாவ. சுந்தரபாண்டியத்துல என் தம்பி வீட்ல ரெண்டு மூட்டை அரிசி இருக்கு. அத ஏத்திக்கிட்டு கிருஷ்ணன்கோவில் வழியா அப்படியே போறாவ. என்னய்யா, மூஞ்சியெல்லாம் ஒரு மாதிரி இருக்கு?"

"ஒரு நட்டு வச்சிட்டுப் போயிட்டாரு ஆச்சி, குடுக்க வந்தோம்" என்றேன். அந்த நேரத்திலும் பொய் எனக்குச் சரளமாக வந்தது.

கிருஷ்ணன்கோவிலில் திரும்பி வத்றாப்பு ரோட்டில் விட்டேன். எதிரே வருகிற ஒவ்வொரு லாரியும் அதுதானோ என்று உற்றுப் பார்த்தேன். கரும்பு வண்டி, டவுன் பஸ், செங்கல் ஏற்றிய டிராக்டர் எல்லாம் கடந்துபோயின. சுந்தரபாண்டியத்துக்குக் கொஞ்சம் முன்னால், இரண்டு பக்கமும் அறுத்து முடிந்த வயல். அங்கே எதிரே வந்தது. புதிதாக நீலம் அடித்த நெற்றி, சந்தன மாலை. மூட்டையை ஏற்றிவிட்டார்கள் போலிருக்கிறது, நல்ல வேகத்தில் வந்தது.

நான் வண்டியை ஓரமாகப் போட்டுவிட்டு இறங்கி, இரண்டு கையையும் தூக்கி ஆட்டினேன்.

"கையக் காட்டாதீய பாய்" என்று மேஸ்திரி பின்னாலிருந்து கத்தினார். "பிரேக்க மிதிச்சிருவாரு."

அதை நான் யோசிக்கவே இல்லை. நிறுத்த வந்தவன், எப்படி நிறுத்துவது என்று யோசிக்கவில்லை. அவர் கியரைக் குறைக்கச் சொல்லி விரலால் என்னென்னவோ காட்டினார். அதற்குள் ஞானதுரை என்னை அடையாளம் கண்டு சிரித்துக்கொண்டே பிரேக்கை மிதித்துவிட்டார்.

இடது பக்கத்துச் சக்கரங்கள் மட்டும் பிடித்தன. வலது பக்கம் பிடிக்கவே இல்லை. லாரி ஒரு சாய்ப்பில் இடது பக்கமாக வெட்டித் திரும்பி, ரோட்டை விட்டு இறங்கியது. கிருபாபாய் பிள்ளையை நெஞ்சோடு அழுத்திக் குனிவதைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். வயலில் தாள்களை நசுக்கிக்கொண்டு போய், ஒரு வரப்பை உடைத்து, இன்னொரு வரப்பில் முட்டி, ஆடி, நின்றது. புழுதி அடங்குகிறவரைக்கும் ஒரு சத்தமும் இல்லை. யா அல்லாஹ், யா அல்லாஹ் என்று என் வாய் சொல்லிக்கொண்டே இருந்தது. பிறகு கைப்பிள்ளை வீறிட்டு அழுதது. அந்த அழுகை மாதிரி ஒரு நல்ல சத்தத்தை நான் அதுவரை கேட்டதில்லை.

ஓடிப் போனோம். யாருக்கும் பெரிய அடி இல்லை. மூத்த பெண்ணுக்கு மட்டும் உதடு கிழிந்து ரத்தம். ஞானதுரை இறங்கி நின்றார், நிற்க முடியாமல் கதவைப் பிடித்துக்கொண்டார். அவர் கண் ரோட்டைப் பார்த்தது, வயலைப் பார்த்தது. வயல் இருந்த இடத்தில் என்ன இருந்திருக்கும் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. மலையாக இருந்தால் அது பள்ளம்.

"பெடல் கல்லு மாதிரி இருக்கு. ஒரு பக்கந்தான் பிடிக்கு. என்னய்யா செஞ்சு வச்சிருக்க?"

சொல்ல வாயெடுத்தேன். எடுத்தேன் என்றுதான் நினைக்கிறேன். அதற்குள் மேஸ்திரி முன்னால் போய் நின்றார்.

"எண்ணெய் மாறிப்போச்சு. மில் எண்ணெயை ஊத்திப்புட்டேன். என் கைப்பிசகு."

ஞானதுரை ஓங்கி அவர் கன்னத்தில் அறைந்தார். ஐம்பது வயது மனுசன், தள்ளாடிப் போய் வரப்பில் உட்கார்ந்தார். அடுத்த அடி விழாமல் நான் குறுக்கே போய் ஞானதுரையைப் பிடித்துக்கொண்டேன். அதுவும் எனக்கு நல்ல பெயராகத்தான் போயிற்று.

கிருபாபாய் கத்தவில்லை. பெரிய பெண்ணின் உதட்டை முந்தானையால் ஒற்றிக்கொண்டே கேட்டாள்.

"நான் கேட்டேன்லா மேஸ்திரி? பிள்ளைகள ஏத்தலாமான்னு உங்ககிட்டதான கேட்டேன்?"

"கேட்ட தாயி" என்றார்.

அவ்வளவுதான் அவர் பேசியது.

நான் பேசியிருக்கலாம். அந்த அறை சத்தம் காதில் இருந்தது. இன்னொன்று, கடை. லாரிக்காரர்கள் வாயில் விழுந்தால் என்ன ஆகும், அசன் பாய் கடையில் எண்ணெய் மாறிவிடும் என்று ஒருவன் சொன்னால் போதாதா? பேசாமல் நின்றேன். பேசாமல் நின்றது மட்டுமில்லை, அன்றைக்கே கடைக்குப் போய்ப் புது ரப்பர், சீல் உடைக்காத டின் எல்லாம் கொண்டுவந்து காசு வாங்காமல் கொடுத்தேன். ஞானதுரை என் கையைப் பிடித்துக்கொண்டு கண்கலங்கினார். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வேறு மெக்கானிக்கைக் கூட்டிவந்து வயலில் வைத்தே இரண்டு நாள் வேலை நடந்தது. மேஸ்திரி ஒரு ஸ்பேனரையும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அவர் போகவுமில்லை. இரண்டு நாளும் வரப்பில் உட்கார்ந்து, அந்த மெக்கானிக் முறுக்கும் ஒவ்வொரு போல்ட்டையும் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லை. வண்டி பிரேக் சரியாகி ரோட்டில் ஏறிக் கண்ணுக்கு மறைந்த பிறகுதான் எழுந்தார்.

திரும்பி வருகையில் கேட்டேன்.

"ஏன் அண்ணாச்சி அப்படிச் சொன்னீங்க?"

"கீழ படுத்திருந்தவன் நான்தான பாய். ஏர் எடுக்கையில எண்ணெய் என் வெரல்லதான சொட்டுச்சு? வெரலு கண்டுபிடிச்சிருக்கணும். மக மார்க்கப் பத்திப் பேசிக்கிட்டு இருந்துட்டேன்."

கொஞ்ச தூரம் போனதும் மறுபடி சொன்னார்.

"உங்களுக்குச் சொல்லணும்னு தோணுனா, பொறவு சொல்லிக்கிடுங்க."

அவர் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. எனக்கு வசதியாக இருந்த நியாயம் அது, இறுகப் பிடித்துக்கொண்டேன்.

பதினைந்து நாளில் வால்பாறையிலிருந்து எனக்கு ஒரு இன்லண்ட் கடிதம் வந்தது. கடையில் உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருக்கும்போது மேஸ்திரி வந்துவிட்டார். அவருக்கு எழுத்துக்கூட்டத் தெரியாது.

"ஞானதுரையா பாய்? சேந்துட்டாவளா? என்ன எழுதியிருக்காரு?"

கடிதத்தில் இருந்தது இது. 'நல்லபடியாக வந்து சேர்ந்தோம். ஆண்டவர் உங்களை அனுப்பி எங்கள் பிள்ளைகளைக் காப்பாற்றினார். அந்த மேஸ்திரி கையில் இனி ஒரு வண்டியும் போகாமல் நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். எங்கள் டிரைவர்கள் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன்.'

நான் வாசித்தேன். "நல்லபடியா சேந்துட்டாங்களாம் அண்ணாச்சி. அடிச்சதுக்கு வருத்தப்படுறாராம். மேஸ்திரியக் கேட்டதாச் சொல்லுங்கன்னு எழுதியிருக்காரு."

மேஸ்திரி முகம் மலர்ந்து நான் பார்த்ததில்லை. அன்று மலர்ந்தது.

"அந்தக் காயிதத்தைக் கொஞ்சம் குடுங்க. வீட்ல பெஞ்சாதி வெள்ளத்தாய்ட்ட காட்டணும். மக நல்லா வாசிப்பா."

வயலில் லாரி இறங்கியபோதுகூட எனக்கு அப்படி வேர்க்கவில்லை. "இதுல கடை விசயம் எழுதியிருக்கு அண்ணாச்சி, எனக்கு வேணும்" என்றேன். அவர் கையை நீட்டியபடியே என்னைச் செத்த நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கையை மடக்கிக்கொண்டு, "சரி பாய்" என்று போய்விட்டார்.

ஞானதுரை சொன்னது பரவியது. முதலில் மலை வண்டிகள் வருவது நின்றது, பிறகு மற்ற வண்டிகளும். ஒரு வருடத்தில் தகரத்தை இறக்கிவிட்டு ஒரு மில் கேட்டில் வாட்ச்மேனாகப் போய்விட்டார். நாய்க்குப் பயந்த ஆள், நாயும் இருட்டுமாக உட்கார்ந்திருந்தார். வாரத்தில் ஒரு நாள் கடைக்கு வந்து சும்மா உட்காருவார். நாங்கள் மழையைப் பற்றிப் பேசுவோம், மகள் டீச்சர் டிரெயினிங் சேர்ந்ததைப் பற்றிப் பேசுவோம். ஒவ்வொரு தடவையும் இன்று சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். யாரிடம் சொல்வது, அவருக்குத்தான் தெரியுமே என்று விட்டுவிடுவேன். ஊருக்குச் சொல்ல வேண்டியது என்பதை எனக்குத் தெரியாதது போல வைத்துக்கொண்டேன்.

தொண்ணூற்றாறில் மேஸ்திரி காலமானார், மஞ்சள் காமாலை. பதினாறாம் நாள் காரியம் கழித்து அவர் மனைவி வெள்ளத்தாயைப் பார்க்கப் போனேன். மில் வேலை முடிந்து வந்து பஞ்சுத் தூசியைத் தட்டிக்கொண்டிருந்தாள். எட்டு வருடமாகச் சுமந்ததைச் சொன்னேன். பாட்டிலை எடுத்தது நான், ஊற்றியது நான், கடிதத்தை மாற்றி வாசித்ததும் நான். அவள் கத்துவாள், தெருவைக் கூட்டுவாள் என்று பயந்து வாசலுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன்.

அவள் தட்டுவதை நிறுத்தவில்லை.

"எல்லாம் தெரியும் பாய். அன்னைக்கே வந்து சொல்லிட்டாவ. அம்புட்டு பேரு நடுக்கம் மேஸ்திரின்னு ஏசுனப்பகூட உங்க பேர எடுக்கல. பாயும் பயந்த ஆளுதான், என்ன மாதிரிதான், கொஞ்ச நாள் ஆகும், ஆனா வந்து சொல்லிருவாருன்னாவ. வாரா வாரம் உங்க கடைக்கு அதுக்குத்தான் வந்தாவ. கண்ண மூடுத அன்னைக்கும், பாய் வந்தாரான்னு கேட்டாவ."

பிறகு உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். நான் அந்தச் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். குடிக்க முடியவில்லை.